மழை படாத பாறைகளும் மழையில் சரிந்த சுவரும்: வடக்குப் பெரு நாட்குறிப்பு

ஜூலை 9, சாச்சாப்போயாஸ்

விமானத்தில் ஹாயென் வரை. அங்கிருந்து உத்குபம்பா ஆற்றை ஒட்டி நாலு மணி நேரத்துக்கு மேல் வேன். பெருவுக்கு வருகிற பலரும் குஸ்கோ, மாச்சு பிச்சு பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆண்டிஸ் மலை அமேசான் காட்டை நோக்கி இறங்கும் இந்த வடக்குப் பக்கம் வருபவர்கள் குறைவு. ஊர் 2,300 மீட்டர் உயரத்தில். வெள்ளைச் சுவர், மர பால்கனி, நல்ல குளிர்.

ஜூலை 10, குவேலாப்

நுவேவோ திங்கோவிலிருந்து கேபிள் கார், 2017-இல் வந்தது. நாலு கிலோமீட்டர் பள்ளத்தாக்கை 20 நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. அப்புறம் மேலே நடை.

மேகம் விலகியதும் குவேலாப் கோட்டையின் சுவர் தெரிந்தது. 3,000 மீட்டர் உயர முகட்டில், கிட்டத்தட்ட 600 மீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 20 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய சுண்ணாம்புக் கல் சுவர். இன்காக்கள் இந்தப் பக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இந்த மலைகளில் வாழ்ந்த சாச்சாப்போயா மக்கள் கட்டத் தொடங்கியது. வாசல் உள்ளே போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஒருவர் மட்டுமே நுழையும் அகலம்தான்.

உள்ளே 400-க்கும் மேற்பட்ட வட்ட வீடுகளின் அடித்தளங்கள். ஒரு வீட்டருகே வெகுநேரம் நின்றுவிட்டேன். தேய்ந்து குழிந்த அரைகல். சுவரோரம், கினிப்பன்றி வளர்க்கக் கல்லால் கட்டிய ஒடுங்கிய தடம். கோட்டை என்று சொல்லிச் சொல்லியே, இங்கே குடும்பங்கள் சமைத்து வாழ்ந்ததை மறந்துவிடுகிறோம்.

2022 ஏப்ரலில் தெற்குப் பக்கச் சுவரில் ஒரு பகுதி சரிந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். மழைநீர் இறங்கி ஊறினால் அந்தப் பாரம் முழுக்கச் சுவரை வெளியே தள்ளும். அந்தப் பக்கம் எங்களை விடவில்லை. அதுதான் சரி. எத்தனை வருடம் ஆனாலும் நிதானமாகச் சீர்செய்யட்டும்.

ஜூலை 11

மழை. அறையிலேயே இருந்தேன்.

ஜூலை 12, கராஹியா

குரூஸ் பாத்தா கிராமத்திலிருந்து சேற்றில் இறங்கிப் போனால், செங்குத்துப் பாறையின் நடுவே, ஆள் எட்டாத இடத்தில் வரிசையாக நிற்கிறார்கள். மரச்சட்டம், களிமண், வைக்கோல் கொண்டு செய்த, இரண்டரை மீட்டர் உயர மனித உருவப் பேழைகள். உள்ளே இறந்தவர்களை வைத்திருந்தார்கள். நீண்ட தாடை, கூர்மூக்கு. சிலவற்றின் தலைமேல் நிஜ மண்டையோடு. ஒன்று 1928 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டதாம்.

நேற்றைய மழைக்குப் பாறையின் கீழ்ப்பகுதி முழுக்க நனைந்திருந்தது. பேழைகள் நிற்கும் குடைவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எந்தப் பாறையில் மழை படாது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவைத்தவர்களால்தான் இப்படி இடம் தேர்ந்தெடுக்க முடியும்.

ஜூலை 14, லேமேபம்பா

கொண்டோர் ஏரிக்கரைப் பாறைக் கல்லறைகளில் கொள்ளை நடப்பது 1997-இல் தெரியவந்ததும், தொல்லியலாளர்கள் போய் 200-க்கும் மேற்பட்ட மம்மிகளை மீட்டு வந்தார்கள். அவற்றுக்காகவே 2000-இல் திறந்த அருங்காட்சியகம் இது. கண்ணாடிக்குப் பின்னால் முழங்கால் மடக்கிய துணிப் பொதிகள். சிலவற்றில் கண், மூக்கு, வாய் என நூலால் தைத்த முகம். ஒரு பொதியில் வாயோரத் தையல் சற்றுக் கோணியிருந்தது. தைத்தவர் கையே தெரிகிறது. கணக்கு வைக்கும் முடிச்சுக் கயிறுகளான கிப்புக்களும் அங்கே கிடைத்தவைதான்.

குவேலாப் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் சொல்வேன்: இன்னும் ஒரு நாள் ஒதுக்கி இங்கே வாருங்கள்.

நாளை காயா காயா கணவாய் ஏறி, மராஞோன் ஆற்றங்கரை பால்சாஸுக்கு இறங்கி, செலெந்தீன் போகிறேன். வேன் விடியற்காலையில்.