உள்ளங்காலில் வரும் தோல் புற்றுநோயும் அதற்கான மருத்துவரைத் தேடும் வழியும்

என் பெரியம்மாவின் குதிகாலில் இருந்த கருமை, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று சதைப் பரிசோதனையில் உறுதியானபோது, உறவினர்கள் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: நம் நிறத்துக்கும் இந்த நோய் வருமா? வரும். வெள்ளைத்தோல் கொண்ட மக்களிடம் காண்பதைவிட நம்மிடம் மிகவும் குறைவு என்பது உண்மை. நம் தோலில் மிகுதியாக உள்ள மெலனின் என்னும் நிறமி, வெயிலின் புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுத்துவிடுகிறது. ஆனால், அந்தப் பாதுகாப்பை நம்பி யாரும் பார்க்காமல் விடுகிற இடத்தில், வெயிலுக்குத் தொடர்பே இல்லாத வகையில், மெலனோமா நம்மவர்களுக்கு வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகியவையே அந்த இடங்கள்.

தோல் புற்றுநோயில் பெரும்பாலும் பேசப்படுபவை மூன்று வகைகள். பேசல் செல் புற்று பெரும்பாலும் மூக்கு, கன்னம், கண் இமை ஓரம் என முகத்தில் வரும். நம் தோலில் அது கருமையாகத் தோன்றுவதால் மச்சம் என்றே பலர் எண்ணுகின்றனர். வேறு உறுப்புகளுக்கு அது பரவுவது மிக அரிது. ஸ்குவாமஸ் செல் புற்று, தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் எழக்கூடியது. காஷ்மீரில் குளிருக்காக உடலோடு அணைத்து வைத்திருக்கும் கனல் சட்டியான காங்கிரியின் சூட்டினாலும், மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரில் கலந்துள்ள ஆர்சனிக்கினாலும் இது வருவது நெடுங்காலமாக அறியப்பட்டது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடத்தில் தோல் உராய்ந்து புண்ணாகி, அங்கே புற்று வளர்ந்த இரு பெண்களைப் பற்றி, மகாராஷ்டிரத்தையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் 2024-இல் எழுதியுள்ளனர். இடுப்பில் நாள்பட்ட புண் உள்ள நம் வீட்டுப் பெண்கள் அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மூன்றாவது வகையான மெலனோமாவே மிகவும் ஆபத்தானது. உள்ளங்காலிலும் நகத்திலும் வரும் வகையை ஏக்ரல் மெலனோமா என்கின்றனர். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இதுதான். 1977-இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தின் அடியில் கண்டறியப்பட்ட இந்நோய், உடலெங்கும் பரவி 1981-இல், 36 வயதில், அவர் உயிரைப் பறித்தது. கால்பந்து விளையாடியதில் பட்ட அடி என்றே அது முதலில் கருதப்பட்டது. நம் ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது. வரப்பில் செருப்பில்லாமல் நடந்தவரின் உள்ளங்காலில் கருமை தெரிந்தால், முள் குத்திய இடம் என்போம், கால் ஆணி என்போம். நகத்தில் என்றால் நகச்சுத்து என்போம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வந்துவிட்டால் சர்க்கரைப் புண் என்று முடிவு கட்டிவிடுவோம். மருந்துக் கடையில் தந்த கால் ஆணி பிளாஸ்திரியைப் பெரியம்மா மாதக்கணக்கில் ஒட்டிவந்தார்.

கருமையின் ஒரு பாதி மறு பாதியைப் போல் இல்லாதிருத்தல், விளிம்பு ஒழுங்கற்றிருத்தல், பல நிறங்கள் கலந்திருத்தல், மிளகைவிடப் பெரிதாக, அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடர்ந்து மாறிக்கொண்டே இருத்தல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். நகத்தில் நீளவாக்கில் ஓடும் கருங்கோடு கருநிறத் தோல் உடையவர்களிடம் இயல்பாகவே காணப்படுவதுண்டு. ஆனால் ஒரே ஒரு நகத்தில் மட்டும் கோடு புதிதாகத் தோன்றி, அகன்று, நகக்கண்ணின் தோலுக்கும் கருமை பரவினால் தாமதிக்கக் கூடாது. சில மெலனோமாக்களில் கருமையே இராது என்பதால், காரணம் தெரியாமல் ஆறாதிருக்கும் சிவந்த புண்ணையும் காட்டிவிட வேண்டும்.

யாரிடம் காட்டுவது என்பதில்தான் எங்கள் குடும்பம் மிகவும் அலைந்தது. தோல் என்று பெயர்ப்பலகை வைத்த இடமெல்லாம் தோல் மருத்துவரின் இடம் அன்று. அழகு நிலையங்களும் லேசர் மையங்களும் மச்சம் எடுத்துத் தருகின்றன. ஒரு மச்சத்தைச் சுட்டோ லேசர் கொண்டோ அழித்துவிட்டால், அது என்னவென்று சோதித்துப் பார்க்கச் சதையே மிஞ்சாது. மரு உதிரச் சுண்ணாம்பு வைக்கும் வீட்டு வழக்கமும் இதே காரணத்தால் கூடாது. தோல் நோயில் எம்.டி., டி.என்.பி. என்னும் மேற்பட்டங்களில் ஒன்றையோ தோல் நோய்ப் பட்டயத்தையோ பெற்றவரா என்பதைப் பார்த்து, மருத்துவக் கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தப் படிப்பு தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றையும் சேர்ந்தது. பலகையில் அவ்வாறே எழுதியிருப்பதைக் கண்டு உள்ளே நுழையக் கூசும் பெண்கள் பலர். கூச்சப்பட அங்கே ஒன்றும் இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவே தொடங்குவதற்குச் சிறந்த இடம் என்பது என் உறுதியான எண்ணம். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட பிறகு, பெரும்பாலான மாவட்டங்களில் அத்தகைய மருத்துவமனை இருக்கிறது. தோல் மருத்துவர், அறுவை மருத்துவர், சதையைச் சோதிக்கும் நோய்க்குறியியல் மருத்துவர் ஆகிய மூவரும் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள். புற்று என்று உறுதியானால், அங்கிருந்து புற்றுநோய் அறுவை சிகிச்சையில் எம்.சி.எச். பட்டம் பெற்றவரிடம் செல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் இத்தகைய மருத்துவர்கள் குழுவாகப் பணியாற்றுகின்றனர்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்ற அச்சத்தால் பெரியம்மா சதைப் பரிசோதனைக்கு முதலில் சம்மதிக்கவில்லை. சோதனைக்குச் சதை எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை என்று அந்தப் பிரிவின் இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே இசைந்தார். அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய எண், கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க மருத்துவர் 1970-இல் வகுத்த இந்த அளவே, சுற்றிலும் எவ்வளவு தோலை எடுக்க வேண்டும், நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளைச் சோதிக்க வேண்டுமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 2 சென்டிமீட்டர் அகற்றுவது பொதுவான முறை. பெரியம்மாவுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட 1.6 மில்லிமீட்டர். குதிகாலில் வெட்டிய இடத்தில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். தொடை இடுக்கில் நோய் முதலில் சென்றடையும் நெறியை எடுத்துச் சோதித்ததில், அங்கே பரவியிருக்கவில்லை.

பரவிவிட்டவர்களுக்கும் இன்று வழி உண்டு. 2018-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகியோரின் ஆய்விலிருந்து பிறந்த, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றைத் தாக்கும் மருந்துகள் மெலனோமா சிகிச்சையையே மாற்றிவிட்டன. ஆனால் ஏக்ரல் வகையில் அவற்றின் பலன் சற்றுக் குறைவு, விலையோ மிக அதிகம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தேவைப்படும் மருந்து அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று கையில் இல்லாமல் நாங்கள் அதற்காக மீண்டும் ஊருக்குச் செல்ல நேர்ந்தது.

இப்போது பெரியம்மா சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கிறார். தழும்பைச் சுற்றிப் புதிய கருமை ஏதும் தெரிகிறதா, இடுக்கில் நெறி கட்டுகிறதா என்று மருத்துவர் தடவிப் பார்க்கிறார். உள்ளங்காலைத் தானே பார்த்துக்கொள்ள அவரால் குனிய முடியாது என்பதால், அந்த வேலையை மருமகளிடம் மருத்துவர் ஒப்படைத்திருக்கிறார்.