உப்புக்காற்று வீட்டுக்கு என்ன ஃபேன்?

மண்டபம், கீழக்கரைப் பக்கம் மாசி கடந்தால் ஃபேனுக்கு ஓய்வே கிடையாது. பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி (சர்க்யூட் போர்டு ஓட்டும் மோட்டார் உள்ள புது வகை ஃபேன்) சுமார் 30 வாட்தான். தினம் 16 மணி நேரம் ஓடினால் மூன்றே நாளில் 2 யூனிட் மிச்சம். அந்த அளவுக்கு நிலக்கரியும் எரியாது.

பிஎல்டிசியை மாட்டும்போது சுவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சுவிட்சிலிருந்து நேராக இணைக்கச் சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. ரெகுலேட்டர் மின்னலையை வெட்டிக் கொடுக்க, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு உறுமி, சூடாகி, சீக்கிரமே போய்விடும்.

அடுத்த எதிரி உப்பு ஈரம். போர்டில் படிந்து செம்புத் தடத்தை அரிக்கும். பாதுகாப்புப் பூச்சு உண்டா என்று கடையில் கேளுங்கள். கொக்கியிலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். கடலைப் பார்த்த திறந்த திண்ணைக்கு மட்டும் பழைய ஃபேனே இருக்கட்டும்.