எல்லா வெடிப்பும் ஃபால்ட் இல்லை

2023 பிப்ரவரியில் துருக்கி குலுங்கிய வாரம், எங்கள் நிலவியல் துறை வாட்ஸப் குழுவில் ஒரே வீடியோ திரும்பத் திரும்ப வந்தது. ஹதாய் மாகாணத்து ஆலிவ் தோப்பு ஒன்று நடுவில் பிளந்து பெரும்பள்ளமாகக் கிடந்தது. "சார், இதுதானே ஃபால்ட்?" ஃபால்ட் என்றால் பூமிக்குள் பாறை உடைந்து இருபுறமும் நகரும் பிளவு. இது அதில்லை, குலுக்கலில் நிலம் வழுக்கி இறங்கிய இடம். நிஜப் பிளவு 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது, ஆனால் பார்க்க அவ்வளவு பயமுறுத்தாது. நேராகப் போகும் வேலி சட்டென்று சில மீட்டர் தள்ளிப் போய்த் தொடரும். தண்டவாளம் பாம்பாக நெளிந்திருக்கும்.

இந்த வித்தியாசத்தை நான் கற்றது 1993-ல், நிலநடுக்கம் தாக்கிய மகாராஷ்டிரத்து லாத்தூர் மாவட்டம் கில்லாரியில். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு வெடிப்பைக் காட்டினார்கள். அது கரிசல் பூமி; காய்ந்தாலே வாய் பிளக்கும். அடுத்த வயலிலும் அதே திசையில் தொடர்கிறதா, ஒரு பக்கம் மேலெழும்பியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். பிறகு குறுக்கே குழி வெட்டி, சுவரைக் கரண்டியால் வழித்து, ஆணியும் நூலும் வைத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு மண்ணடுக்கையும் கிராஃப் தாளில் வரைவோம். இரண்டடியில் முடிந்தால் அது மண்ணின் வெடிப்பு. இருபுறமும் அடுக்குகள் பொருந்தாமல் ஏறி இறங்கி நின்றால்தான் ஃபால்ட். கில்லாரியில் அது விட்டுவிட்டு சுமார் ஒரு கிலோமீட்டர்தான் தெரிந்தது. செத்தவர்களோ கிட்டத்தட்ட 10,000 பேர், பெரும்பாலும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த வீடுகளுக்கு அடியில். இடிந்த வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் வயல் வெடிப்பைப் பற்றி விசாரிப்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

2001-ல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கம் 7.7 அளவு. கில்லாரியைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் அதன் ஃபால்ட் தரைக்கு வரவே இல்லை. மேலே தெரிந்ததெல்லாம் மண் இளகிப் பீய்ச்சிய சேறும் விரிசலும். தரையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஆழத்தில் என்ன நடக்கிறது என்று காட்ட மாணவர்களைச் சேலம் மாவட்டத்து ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கம் கூட்டிப் போகிறேன். சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்ற கடும்பாறையைப் போலவே அங்குள்ள பாறைகளும் ஒருகாலத்தில் பூமிக்குள் வெகு ஆழத்தில் இருந்தவை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போய் இன்று வெயிலில் கிடக்கின்றன. அவற்றுள் ஓடும் கருப்புக் கோடுதான் சூடோடாகிலைட். பாறை சில நொடிகளில் உரசி நகர்ந்த சூட்டில் உருகி, பக்கத்து விரிசல்களில் பாய்ந்து உறைந்தது. லென்ஸில் பார்த்தால் கரும்பசைக்குள் உருகாத பாறைத் துணுக்குகள் மிதப்பது தெரியும். வயலில் வெட்டும் எந்தக் குழியும் காட்டாததை இந்தக் கல் காட்டுகிறது என்பேன்.

போன தடவை அங்கே குவாரி வேலைக்காரர் ஒருவர் வந்து நின்றார். "என்னங்க சார், தங்கம் கிங்கம் கெடக்குதுங்களா?"

"பழைய நிலநடுக்கம்ங்க."

"அப்ப மறுபடி வருங்களா?"

இந்தக் கோடு எப்போதோ அடங்கிவிட்டது. ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் ஒன்று வந்தது. 2002 நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி. அதைச் சொன்னேன். வீட்டுக்கு மாடி எடுப்பதாகச் சொன்னார். குலுக்கலில் தூண் உடையாமல் இருக்கக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று கட்டுகிறார்கள் என்று கேட்டேன். மேஸ்திரியைத்தான் கேட்கணும் என்றார்.