சோறு போடுற கடமை இருக்கு, பிள்ளையக் கேக்குற உரிமை?

என் தம்பி சம்சாரம் உடம்பு முடியாம தவறிட்டா. அவளோட மொத கல்யாணத்துல பொறந்த பொண்ணு ஒண்ணு இருக்கு, இப்ப பிரைமரி ஃபோர், மூணு வயசுலேர்ந்து தம்பிகிட்டதான் வளருது. காரியம் முடிஞ்ச கையோட பெத்த அப்பா வந்து பிள்ளைய கூட்டிட்டுப் போறேன்னு நின்னாரு. அவரக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், ஆனா ராத்திரி அந்தப் பிள்ளைக்கு வீசிங் வந்தா என்ன செய்யணும்னு தம்பிக்குத்தான் தெரியும்.

அதுலேர்ந்து தம்பியோட நானும் வக்கீல் ஆபீஸுக்கு அலையுறேன், அங்க கேட்டதெல்லாம் கேட்டு எனக்கு மனசே ஆறல. மாதர் சாசனம்னு (Women's Charter) சிங்கப்பூர்ல கல்யாணம், குடும்பம் பத்தின சட்டம் இருக்கு, அதோட 70வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, நம்ம பிள்ளையா இல்லாட்டியும் அத நம்ம குடும்பத்துல ஒருத்தரா ஏத்துக்கிட்டா, பெத்தவங்க செய்யாத அளவுக்கு அந்தப் பிள்ளைய பராமரிக்கிறது நம்ம கடமை. சரி, நியாயம்தான். ஆனா அதே ஆளு பிள்ளை என்கிட்டயே இருக்கட்டும்னு கேக்கப் போனா, பிள்ளைங்களோட பாதுகாவலர் யாருங்கறதப் பத்தி கார்டியன்ஷிப் ஆஃப் இன்ஃபன்ட்ஸ் ஆக்ட்னு 1934ல வந்த சட்டம் இருக்கே, அதோட 5வது பிரிவுல மனு போட முடியுறது அப்பா, அம்மா, இல்லன்னா அந்தச் சட்டப்படி நியமிச்ச கார்டியன், அவ்வளவுதான். சோறு போட்டு, ஹோம்வொர்க் பாத்து, பாலிகிளினிக்ல வரிசையில உக்காந்தவன் பேரு அதுல இல்ல.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. தம்பியும் அவளும் விவாகரத்துக்குப் போயிருந்தா இந்தப் பிள்ளையும் அந்தக் கல்யாணத்தோட பிள்ளைன்னே கணக்கு, ஏன்னா மாதர் சாசனத்துல ஒரே குடும்பமா வாழ்ந்த மாற்றுப் பிள்ளையும், அதாவது ஒருத்தரோட முந்தின கல்யாணத்துப் பிள்ளையும், அதுல அடங்கும். அப்பவும் பெத்தவங்களுக்குத்தான் முதலிடம், அவங்ககிட்ட விடவே கூடாதுங்கற மாதிரி விசேஷ காரணம் இருந்தாத்தான் வேற ஆளுகிட்ட போகும், ஆனாலும் அந்தக் கேஸுல அவன் ஒரு பார்ட்டி, அவன் சொல்றத ஜட்ஜ் கேப்பாங்க. கடைசி வரைக்கும் சேந்து வாழ்ந்து அவ செத்துப்போனதால அந்த வழி இல்லாமப் போச்சு. (முஸ்லிம் குடும்பங்களோட விவாகரத்து ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும், அங்க நடைமுறை வேற.)

வழியே இல்லன்னு இல்ல. பிள்ளைங்களப் பாதுகாக்குற பொதுவான அதிகாரம் கோர்ட்டுக்கு இருக்கு, பெத்தவங்களா இல்லாதவங்களும் அத நாடலாம்னு 1999லயே மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு கேஸ் இருக்கு, அதுல ஒரு குழந்தைக்காகப் போராடின ரெண்டு தம்பதியுமே அதப் பெத்தவங்க இல்ல. எந்த வழியில போனாலும் பிள்ளையோட நலன்தான் மொதல்ல. தம்பி அந்த வழியிலதான் போறான், பெத்தவர் உயிரோட இருக்கும்போது அது லேசு இல்லன்னு வக்கீல் மொதல்லயே சொல்லிட்டாங்க.

இத நான் எழுதுறதே ரெண்டாங் கல்யாணம் பண்ணிப் பிள்ளையோட இருக்குறவங்களுக்காகத்தான். தயவுசெஞ்சு உயில் எழுதுங்க. சிபிஎஃப் (சேமநிதி) பணம் யாருக்குப் போகணும்னு நாமினேஷன் போடுறோம், வீட்டப் பத்தி யோசிக்கிறோம், பிள்ளையப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேங்குறோம். அம்மாவோ அப்பாவோ உயில்ல, எனக்கப்பறம் இவர்தான் கார்டியன்னு ஒருத்தரக் காட்டலாம், நான் மொதல்ல சொன்ன அந்த 1934 சட்டத்தோட 7வது பிரிவு அதுக்கு இடம் குடுக்குது. உயிரோட இருக்குற இன்னொரு பெத்தவரோட சேந்துதான் அவர் கார்டியனா இருக்கணும், அந்தப் பெத்தவர் முடியாதுன்னு மறுத்தா கோர்ட்டுக்குப் போகலாம், ஆனா அப்ப உயில்ல பேர் இருக்குறவர் யாரோ வெளி ஆளா போய் நிக்க மாட்டார், சட்டப்படி கார்டியனா போவார். என் தம்பிகிட்ட இல்லாதது அந்த ஒரு காகிதம்தான். அவளுக்கு முப்பத்தெட்டு வயசு, அந்த வயசுல யாரு உயில் எழுதுறா.

தத்தெடுப்பும் ஒரு வழி, மாற்றுப் பெத்தவங்களும் செய்யலாம், ஆனா அதுக்குப் பெத்த அப்பாவோட சம்மதம் வேணும், இல்லன்னா அது தேவையில்லன்னு கோர்ட் சொல்லணும், முடிஞ்சதும் அவருக்கும் பிள்ளைக்கும் சட்டப்படி இருந்த உறவு அறுந்துடும். தம்பி அதக் கேக்கல. ஞாயித்துக்கிழமை அவரு வந்து பாத்துட்டுப் போகட்டும்க்கா, பிள்ளைக்கு அவரும் வேணும்ல, ஸ்கூல் நாள்ல மட்டும் என்கிட்ட இருக்கட்டும்னுதான் சொல்றான்.