மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்: ஹை ரிஸ்க் பயிற்சியில் என் ஆய்வு நடந்த விதம்

ஓஜி (மகப்பேறு, மகளிர் மருத்துவம்) முடித்துவிட்டு ஹை ரிஸ்க் பிரெக்னன்சி, அதாவது ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்களுக்கான ஃபெலோஷிப்புக்குப் போகலாமா என்று யோசிக்கும் பிஜிக்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஸ்கேனைப் பற்றித்தான். கருவின் கழுத்துப் பகுதியை அளக்கும் என்டி ஸ்கேன் எவ்வளவு பார்க்க விடுவார்கள், பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் ஆம்னியோ நம் கையால் செய்யக் கிடைக்குமா, இரட்டைக் குழந்தைகளுக்கான லேசர் சிகிச்சையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாமா. ஆய்வைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்த இரண்டு வருடத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஆய்வுதான். கடைசியில் மிகவும் பிடித்துப்போனதும் அதுவே. அதனால் இங்கே அதை மட்டும் எழுதுகிறேன்.

உள்ளே நுழையும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்டி, எம்எஸ் அல்லது டிஎன்பி மகப்பேறு முடித்திருக்க வேண்டும். தேசிய மருத்துவத் தேர்வு வாரியத்தின் எஃப்என்பி படிப்பு 2 வருடம். அதற்கு எஃப்இடி என்ற நுழைவுத் தேர்வு. இது தவிர பல்கலைக்கழகங்களும் பெரிய மருத்துவமனைகளும் நடத்தும் ஃபெலோஷிப்புகள் உண்டு. எதில் சேர்ந்தாலும் நோயாளிகள் ஒன்றுதான்: பிபி, சர்க்கரை, இதய நோய், வளராத குழந்தை, முந்தைய சிசேரியன் தழும்பில் ஒட்டிக்கொண்ட நஞ்சுக்கொடி.

சேர்ந்த கையோடு எங்கள் யூனிட்டில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'ஆய்வு ஆர்வம்' என்று ஒரு கட்டம். என்னோடு சேர்ந்த தோழி யோசிக்கவே இல்லை, 'பிளசென்டா அக்ரீட்டா' என்று எழுதிவிட்டாள். நஞ்சுக்கொடி அப்படி ஒட்டிக்கொள்வதன் பெயர் அதுதான். அவள் பிஜி படித்த இடத்தில் அந்தக் கேஸ்கள் அவ்வளவு. தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. தழும்புகள் கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். சீனியர் ஒருவர் எடுத்த தலைப்பு இதய நோய். சென்னையில் 2016 முதல் 2019 வரை நடந்த மெட்ராஸ் கர்ப்பகால இதய நோய்ப் பதிவேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார்கள். அதிகம் பேருக்கு, நூறில் சுமார் 42 பேருக்கு, இருந்தது ருமாட்டிக் காய்ச்சலால் வரும் இதய நோய். வெளிநாட்டுப் புத்தகங்கள் இரண்டு பக்கத்தில் முடித்துவிடும் நோய், நம் ஓபியில் வாரா வாரம் உட்கார்ந்திருக்கிறது என்பார் அவர். இன்னொருவர் எடுத்தது கர்ப்பகாலச் சர்க்கரை. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷய்யாவின் வழியில் வந்த முறை, அதாவது 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140ஐத் தொடுகிறதா என்று பார்ப்பது, சென்னையில் பிறந்ததுதானே, அதைத் தொடரலாம் என்றார்.

நான் 'ப்ரீஎக்ளாம்ப்சியா' என்று எழுதினேன், கர்ப்பத்தில் பிபி ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய். பாதிப் பேர் எழுதுவது அதைத்தான். அதைத் தடுக்க ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த, 2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வைப் படித்த யாருக்கும் அந்த ஆசை வரும். 11 முதல் 13 வாரத்துக்குள் தாயின் பிபி, கருப்பைத் தமனியின் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்), ரத்தத்தில் சில புரதங்கள், இவற்றைச் சேர்த்து ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், 36 வாரம் வரை. 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. மகப்பேறு மருத்துவத்தில் இவ்வளவு மலிவான மாத்திரை இவ்வளவு செய்வது அபூர்வம்.

என் முதல் திட்டம் எளிமையானது. புரதப் பரிசோதனைக்குப் பணம் கிடையாது. பிபியையும் டாப்ளரையும் மட்டும் வைத்து நம் பெண்களிடம் இந்த முறை எவ்வளவு பேரைக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பது. அளக்கும் முறையைக் கற்பதற்கே நேரம் பிடித்தது. பிபி என்றால் போகிற போக்கில் பட்டையைச் சுற்றுவது இல்லை. பெண் முதுகு சாய்ந்து, காலைக் குறுக்கே போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில், ஒரு நிமிடம் விட்டு மறுபடி. நான்கு அளவுகளின் சராசரி. எங்கள் ஓபியில் ஒரு கர்ப்பிணியை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இருக்கை காலியாக இருந்தால் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார். டாப்ளர் இன்னும் நுணுக்கம். கருப்பை வாயை நீளவாட்டில் எடுத்து, உள்வாய் மட்டத்தில் பக்கவாட்டில் சாய்த்து, நிறம் போட்டு, கோணம் 30 டிகிரிக்குள் வைத்து, வேகம் வினாடிக்கு 60 சென்டிமீட்டர் தாண்டினால்தான் அது சரியான தமனி. தாண்டவில்லை என்றால் அது பக்கத்துக் கிளை, விட்டுவிட்டு மறுபடி தேடு.

அப்புறம் திட்டத்தை எடுத்துக்கொண்டு புள்ளியியல் துறைக்குப் போனேன். அங்கே இருந்த சார் முழுவதும் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஆபத்து அதிகம்னு தெரிஞ்ச பொண்ணுக்கு நீங்க ஆஸ்பிரின் கொடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"கொடுக்காம எப்படி சார்?"

"கொடுத்தா நோய் வராது. வரலைன்னா, உங்க டெஸ்ட் தப்பா சொல்லிடுச்சுன்னு என் கணக்கு சொல்லும். மருந்து எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ, டெஸ்ட் அவ்வளவு மோசமாத் தெரியும்."

இதைச் சரிக்கட்ட வழிமுறைகள் உண்டு. எங்கள் எண்ணிக்கைக்கும் காலத்துக்கும் அவை தாங்காது. கைடு மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "அப்போ மருந்தைப் பத்தியே கேளேன். நாம எழுதிக் கொடுக்கிறோம், யார் சாப்பிடறாங்க?" என்றார். டாப்ளரைக் கற்றுக்கொண்டு மாத்திரை எண்ணப் போவதா என்று முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் ஆஸ்ப்ரே தரவுகளை வைத்துப் பின்னால் செய்த ஆய்வைப் படித்தபோது மனசு மாறிவிட்டது. கொடுத்த மாத்திரையில் 90 சதவீதமாவது சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும், விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஒன்றில்லை. அப்படியானால் நம் ஊரில் முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியைப் பற்றிப் பயமுறுத்தித்தான் வைத்திருந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி தலைவர் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத பொதுஜனம் ஒருவர் கண்டிப்பாக வேண்டும். டாக்டர்கள் கேட்டது எல்லாம் வழக்கமான கேள்விகள். பொதுஜனமாக வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டதுதான் ஆய்வையே மாற்றியது. "பிரசவம் ஆச்சான்னு வீட்டுக்கு ஃபோன் பண்ணுவேன்னு எழுதியிருக்கீங்க. இந்தப் பொண்ணுக்கு ஆபத்து இருக்குன்னு அவ வீட்டுல சொல்லியிருப்பாளா? மாமியார் ஃபோன் எடுத்தா என்ன சொல்லுவீங்க?" என்னிடம் பதில் இல்லை. சம்மதப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம்: யாரிடம் பேசலாம், யாரிடம் பேசக்கூடாது என்று அந்தப் பெண்ணே எழுதிக் கொடுப்பது. நிறையப் பேர் அம்மா பெயரை மட்டும்தான் எழுதினார்கள். சம்மதம் வாங்கும்போது கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொன்னதால்தான் அது நடந்தது. கூட்டமான ஓபியில் இதற்கென்று ஒரு அறை பிடிப்பது தனிக் கதை. சிஸ்டர்கள் தயவு இல்லாமல் நடந்திருக்காது. மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவையும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பத்திரிகைக்கு அனுப்பும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளை வைத்து ஆய்வு செய்ய நினைக்கும் யாரும் முதலில் காலண்டரில் வளைகாப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்ட கையோடு தலைப் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். நம்மிடம் சென்னையில் பதிவானவள் பிரசவிப்பது தேனியிலோ திருவாரூரிலோ. அங்கே வேறு மருத்துவர், வேறு சீட்டு. வெளிநாட்டு ஆய்வறிக்கைகளில் தொடர்பு அறுந்தவர்கள் என்று ஒரு சிறு வரி வரும். நமக்கு அது ஒரு அத்தியாயம். சேரும்போதே மூன்று விஷயம் கேட்டு வைத்தேன்: வளைகாப்பு எப்போது, பிரசவம் எந்த ஊரில், அந்த ஊரில் யாருடைய நம்பர். கணவர் நம்பரை மட்டும் வாங்கினால் உதவாது. அவர் சென்னையில் வேலையில் இருப்பார்.

மாத்திரை எண்ணுவது நான் நினைத்ததைவிடச் சுவாரசியமாக இருந்தது. "ஆஸ்பிரின் சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் "சாப்பிடறேன் மேடம்" என்பார்கள். டாக்டரிடம் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லையே. "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால்தான் பேச்சே ஆரம்பிக்கும். காலி அட்டைகளைத் தூக்கிப்போடாமல் கொண்டுவரச் சொன்னோம். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், அதற்கிடையில் ரப்பர் பேண்டு போட்ட அட்டைகள் வெளியே வரும். ஒரு பெண் கொண்டுவந்த அட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்று காலியாக இருந்தது. கேட்டால், 150க்குப் பதில் 75 போதும் என்று அவரே முடிவு செய்து, எழுதிக் கொடுத்த இரண்டில் ஒன்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார். வயிறு எரிகிறது என்று அவருக்கு ஒரு பயம்.

ஆனால் பெரும்பாலானவர்கள் நிறுத்தியதற்குக் காரணம் வயிறு இல்லை. யாரோ நிறுத்தச் சொன்னார்கள். மருந்துக் கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது ஹார்ட் மாத்திரையாச்சே, மாசமா இருக்கும்போது எதுக்கு?" என்றிருக்கிறார்கள். தாத்தா சாப்பிடும் அதே மாத்திரை வீட்டில் இருந்தது, அதைப் பார்த்து மாமியார் பயந்துவிட்டார். தாய் வீட்டு ஊரில் காட்டிய இடத்தில், ரத்தம் உறையாது, சிசேரியன் என்றால் பிரச்சினை என்று ஏழாம் மாதத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அப்படிச் சொன்ன யாரையும் குறை சொல்ல முடியவில்லை. ஏன் கொடுத்தோம், எதுவரை கொடுத்தோம் என்று நம் சீட்டில் ஒரு வார்த்தை இல்லை. மருந்தின் பெயரும் இரவுக் கட்டத்தில் ஒரு கோடும் மட்டும்தான். அதைப் பார்த்து யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஃபோன் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடுத்து வருபவர்களுக்கு இது உதவும். பிரசவம் ஆகியிருக்க வேண்டிய தேதி தாண்டி அழைக்கும்போது, எடுத்த எடுப்பில் குழந்தையைப் பற்றிக் கேட்காதீர்கள். "எப்படிம்மா இருக்கீங்க, உடம்பு பரவாயில்லையா?" என்று தாயிடமிருந்து ஆரம்பியுங்கள். நாங்கள் பார்ப்பது ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்கள். எல்லா வீட்டிலும் தொட்டில் ஆடாது. அப்படியான அழைப்புகளில் தரவுப் படிவத்தை மூடி வைத்துவிட்டுப் பேச வேண்டியிருந்தது. அடுத்த கர்ப்பத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களில் சிலர் பிறகு எங்கள் ஓபிக்கே வந்தார்கள்.

கணக்குப் போட்டதும் எழுதியதும் பெரிய கதை இல்லை. மென்பொருளில் எல்லாம் வந்துவிடும். வராதது, விட்டுப்போன தரவுகளை என்ன செய்வது என்ற முடிவு. அதற்கு முன்பே எழுதி வைத்த திட்டம் இருந்ததால் தப்பித்தேன். மாநாட்டில் போஸ்டர் வைத்தபோது நின்று படித்தவர்களில் பலர் டாப்ளர் பகுதியைத் தாண்டி நேராக 'நிறுத்தச் சொன்னது யார்' என்ற பட்டியலுக்குப் போனார்கள். மருந்துக் கடை என்று பார்த்ததும் சிரித்தார்கள். 'வேறு மருத்துவர்' என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

இப்போது எங்கள் ஓபியில் ஆஸ்பிரின் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப்: 'கர்ப்பகால ரத்த அழுத்தத்தைத் தடுக்கக் கொடுக்கப்பட்டது. 36 வாரம் வரை தொடரவும். நிறுத்தும் முன் இந்த எண்ணுக்கு அழைக்கவும்.' அழைப்புகள் வருகின்றன, பாதி மருந்துக் கடைகளிலிருந்து. ஸ்டாம்ப் வைத்தால் உண்மையிலேயே கூடுதலாகச் சாப்பிடுகிறார்களா என்று எனக்கு அடுத்து வந்த ஜூனியர் ஆய்வு செய்யப்போகிறார். சேர்ந்தபோது அவர் படிவத்தில் 'கரு அறுவைச் சிகிச்சை' என்று எழுதியிருந்தார். எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற அவருடைய சாம்பிள் சைஸ் கணக்கு இப்போது அதே புள்ளியியல் சாரிடம் இருக்கிறது. இன்னும் கேள்வி கேட்டு முடிக்கவில்லையாம்.