இருட்டில் ஷிப்ட் பார்த்த ஊர்

என்னோடு எச்.பி.எஃப்.பில், அதாவது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில், வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இப்போது ஊட்டியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். பைக்காரா போகிற வழியில் இந்து நகரைத் தாண்டும்போது, "இது என்ன ஃபேக்டரி?" என்று யாராவது கேட்பார்கள். "பிலிம் கம்பெனி சார். டிஜிட்டல் வந்துச்சு, மூடிட்டாங்க" என்று சொல்லிவிடுவாராம். "ஏண்ணே, உங்களுக்கே தெரியுமே அது அப்படியில்லைன்னு" என்றேன். "பாலியெஸ்டர், வட்டி, இறக்குமதி டூட்டின்னு ஆரம்பிச்சா பைக்காராவே வந்துடும்பா" என்றார்.

எனக்கு அந்த அவசரம் இல்லை. நொடித்த கம்பெனிகளை விசாரித்து வந்த மத்திய அரசு அமைப்பான பி.ஐ.எஃப்.ஆர். எங்கள் கம்பெனியை நலிவடைந்த நிறுவனமாக அறிவித்தது 1996இல். அந்த வருடம் ஊட்டியில் டிஜிட்டல் கேமராவைக் கண்ணால் பார்த்தவர் யார்? அதற்குப் பிறகும் பல வருடம் கல்யாண வீடுகளில் ரோல் போட்டுத்தான் படம் எடுத்தார்கள்.

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் மத்திய அரசு நிறுவனமாகப் பதிவாகி, பிரான்சின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிலிமுக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது, தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். ஊட்டியில் மூன்றும் அமைந்தன. கம்பெனி பிராண்டின் பெயர் இந்து. சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் அதே பெயர். படுகர்கள், சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள், மலையாளிகள் என்று எல்லோரும் ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்தோம். எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது மூன்று வீடு தள்ளித் தெரியும். ஃபேக்டரிக்குள் நடப்பது மட்டும் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது. காட்டவும் வழியில்லை, ஏனென்றால் உள்ளே விளக்கு இல்லை.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளி நைட்ரேட்டையும் புரோமைடையும் ஜெலட்டினில் கலந்தால் ஒளிக்கு மசியும் எமல்ஷன் கிடைக்கும். அதை ட்ரை அசிடேட் என்ற பிளாஸ்டிக் தாளின் மேல் ஒரே சீராகப் பூசி, குளிரில் உறைய வைத்து, காயவைத்து, அளவுக்கு வெட்டிப் பெட்டியில் அடைக்க வேண்டும். எமல்ஷனில் தொடங்கிப் பெட்டியை மூடும் வரை எல்லாம் இருட்டில்தான். சில வகைகளுக்கு மங்கலான சிவப்பு விளக்கு தாங்கும். எல்லா நிறத்துக்கும் மசியும் பிலிம் ஓடினால் அதுவும் கிடையாது.

பக்கத்து அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரி கேட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். எங்களுக்குத் தீப்பெட்டியோடு டார்ச்சும் ஆகாது, இருட்டில் மினுங்கும் ரேடியம் வாட்சும் ஆகாது. கல்யாணத்தில் மாமனார் போட்ட வாட்சைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். அதைவிடப் பெரிய தொல்லை ஸ்வெட்டர். ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி, வெளியே பல் கிட்டும். ஆனால் காற்று வறண்ட நாளில் கம்பளி உரசினால் மின்பொறி தட்டும். நம் கண்ணுக்கே தெரியாத அந்தப் பொறி பிலிமில் பதிந்துவிடும். கழுவிப் பார்த்தால் இலை உதிர்ந்த மரத்தின் கிளை மாதிரி கறுப்புக் கோடுகள். ஒரு டாக்டர் அதை நுரையீரல் படத்தில் பார்த்தால் என்ன நினைப்பார்? அதனால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பருத்திக் கோட்டோடுதான் வேலை.

இருட்டுக்குள் ஒருவரை ஒருவர் குரலால்தான் தெரிந்து வைத்திருந்தோம். வளைந்து போகும் கறுப்பு வராந்தாவில் ஒரு கையைச் சுவரில் வைத்து நடப்போம், எதிரே யாராவது வந்தால் மோதாமல் இருக்க வாயால் சத்தம் கொடுப்போம். ஒருவர் சீட்டியடிப்பார், ஒருவர் "முருகா முருகா" என்பார். புதிதாக வந்தவன் கூச்சப்பட்டுச் சும்மா வருவான். இரண்டு முட்டு வாங்கியதும் அவனுக்கும் குரல் வந்துவிடும்.

சரி, மூடிய கதைக்கு வருகிறேன். எக்ஸ்ரே பிலிம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. உலகம் ட்ரை அசிடேட்டை விட்டுப் பாலியெஸ்டர் தாளுக்கு மாறியபோது நாங்களும் மாறியே தீர வேண்டும். பெரிய கடன் வாங்கிப் புதிய பிளான்ட் போட்டார்கள். அது நிமிர்ந்து ஓடுவதற்குள் 1991 வந்து, இறக்குமதி வரி குறைய ஆரம்பித்தது. வெளிநாட்டு எக்ஸ்ரே பிலிம் மலிவாக இறங்கியது, எங்கள் வட்டி ஏறியது. கலர் பக்கம் போய்த் தப்பிக்கவும் வழியில்லை; அங்கே பெரும்பாலும் வெளிநாட்டில் தயாரான பெரிய பிலிம் சுருளை, ஜம்போ ரோலை, வாங்கி வெட்டிப் பெட்டியில் போடும் வேலைதான். டிஜிட்டல் வந்தபோது கம்பெனி ஏற்கெனவே படுக்கையில் கிடந்தது. நிர்வாகம் சரியில்லை என்றும் யூனியன் சரியில்லை என்றும் சண்டை போட்டவர்கள் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். கடன் வாங்கிய நேரம்தான் பெரிய அடி என்பது என் கட்சி.

2003இல் பி.ஐ.எஃப்.ஆர். கம்பெனியைக் கலைக்கச் சொன்னது, விவகாரம் கோர்ட்டில் இழுத்தது. 2014இல் மத்திய அமைச்சரவை 181.54 கோடி ரூபாய் ஒதுக்கி, 2007 ஊதிய விகிதத்தைக் கணக்கில் வைத்து விருப்ப ஓய்வு கொடுத்தது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் கோவைப் பக்கம் இறங்கிப் பிழைத்துக்கொண்டார்கள். எமல்ஷன் பூசும் கோட்டிங், பிலிம் வெட்டும் ஸ்லிட்டிங் ஆட்களுக்குத்தான் கஷ்டம். இருட்டில் மில்லிமீட்டர் பிசகாமல் பிலிம் வெட்டத் தெரியும் என்று பயோடேட்டாவில் எழுதி எங்கே அனுப்புவது? எங்கள் செக்‌ஷனில் ஒருவர் அப்படியே எழுதி அனுப்பினார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கட்டிங் டேபிளுக்குக் கூப்பிட்டது, போய்ச் சேர்ந்துவிட்டார்.