புட்ரின்டில் எத்தனை மணி நேரம்?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐரோப்பியச் சுற்றுலாவில், ரோமானிய இடிபாடு ஒன்றின் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, "நாற்பது நிமிஷம்தான், பஸ் கிளம்பிடும்" என்றார்கள். டிக்கெட் வரிசையில் நின்று, அக்கா மூட்டுவலியோடு படியேறி உள்ளே போய்ச் சேரவே இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. பள்ளியில் முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தத் தூண்களுக்கு நடுவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மனதை உறுத்துகிறது.

அதனால் போன மே மாதம் அல்பேனியாவுக்குப் போக முடிவானதும், பணம் கட்டும் முன் மூன்று சுற்றுலா நிறுவனங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: பழங்கால நகரத்தின் இடிபாடுகள் இருக்கும் புட்ரின்டில் எத்தனை மணி நேரம்? ஒருவர் "ஹாஃப் டே" என்றார். பிரித்துக் கேட்டால் அதில் மதியச் சாப்பாடும் கடற்கரையும் சேர்த்தி. இன்னொருவர் ஓட்டலின் நீச்சல்குளத்தைப் பற்றியே பேசினார். மூன்றாமவர், "நான்கு மணி நேரம். காலை வெயில் ஏறும் முன் உள்ளே போய்விடுவோம். வழிகாட்டி முழு நேரமும் கூடவே இருப்பார்" என்று எழுதியே கொடுத்தார். அவரிடம் பதிவு செய்தோம். பதினான்கு பேர், ஒன்பது நாள். விமானச் செலவு போக ஒருவருக்கு மூன்றரை லட்சம் ரூபாய். சொகுசுப் பயணம் என்ற பேருக்கு இவ்வளவு கொடுக்கும்போது, அதில் கூட்டம் சேரும் முன் உள்ளே போகும் நேரமும், கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆளும் அடங்க வேண்டும். மெத்தை எல்லா ஊரிலும் கிடைக்கும்.

அல்பேனியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டிலும் இல்லை. ஆனால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா கையில் இருந்து, அதை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் தனி விசா இல்லாமல் உள்ளே போகலாம். ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது வாங்கியது எங்களிடம் இருந்தது. விதிகள் மாறக்கூடும், கிளம்பும் முன் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தின் கோர்ஃபு தீவிலிருந்து படகில் சரந்தா துறைமுகத்துக்கு வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா என்றால் திரும்ப கிரேக்கத்துக்குள் விட மாட்டார்கள். நாங்கள் இஸ்தான்புல் வழியாக அல்பேனியத் தலைநகர் திரானாவில் இறங்கினோம்.

முதல் இரண்டு நாள் துர்ரஸ், அப்போலோனியா. துர்ரஸ் ஊரின் நடுவில், அடுக்குமாடி வீடுகளுக்கு இடையில், கி.பி. 2ஆம் நூற்றாண்டு அரங்கம் ஒன்று பள்ளத்தில் கிடக்கிறது. 1966 வரை அது மண்ணுக்குள் இருந்தது. இன்னும் ஒரு பாதி தோண்டப்படவில்லை, மேலே வீடுகள். அப்போலோனியாவில் ஆறு தூண்களோடு ஒரு முகப்பு, அதைச் சுற்றி ஆலிவ் மரங்களும் புல்வெளியும். பின்னாளில் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியன், கி.மு. 44இல் இங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் சீசர் கொல்லப்பட்ட செய்தி வந்து சேர்ந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வருடம் அது. அந்தப் புல்லின் மேல் நின்றபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆறு தடம் மாறியதாம், துறைமுகம் தூர்ந்து, ஊரும் மெல்லக் காலியாகிவிட்டது.

பெராத்தில் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கைப்பின்னல் மேசைவிரிப்புகளை வீட்டுச் சுவரில் தொங்கவிட்டு விற்கிறார்கள். அங்கே மரியன்னை தேவாலயத்தில் 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஓனுஃப்ரியின் படங்கள் இருக்கின்றன. அவருடைய சிவப்பு பேர்போனது. அரக்கும் இல்லை, குங்குமமும் இல்லை, நடுவில் ஒரு நிறம். 1967இல் மதத்துக்கே தடை போட்ட நாடு இது. அதைத் தாண்டி இந்தப் படங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: கோட்டைப் பாதையின் கற்கள் காலங்காலமாகத் தேய்ந்து வழவழவென்று இருக்கும். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ கட்டாயம். அக்காவுக்கு மடக்குத்தடி ஒன்று வாங்கிப் போயிருந்தேன், அதுதான் காப்பாற்றியது.

கிரோகாஸ்தர் வேறு மாதிரி. மலைச்சரிவில் ஊர் முழுக்கக் கல் வீடு, கூரையும் கற்பலகை. எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே பிறந்த ஊர். நாற்பது வருடம் நாட்டை இரும்புப்பிடியில் வைத்திருந்த என்வர் ஹோஜாவும் இங்கேதான் பிறந்தார். நாங்கள் தங்கியது புதுப்பிக்கப்பட்ட பழைய வீடு. மரத்தில் செதுக்கிய உத்தரம், கை நீளத் தடிமனில் சுவர், சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. ஆனால் லிஃப்ட் கிடையாது, வாசல் வரை வண்டியும் வராது. ஆளுக்கொரு பெட்டியாகப் பணியாளர்கள் தூக்கி வந்தார்கள். விளம்பரத்தில் இதெல்லாம் வராது. முன்பே கேட்டுத் தரைத்தள அறை வாங்கியிருந்ததால் தப்பித்தோம். மூட்டுவலிக்காரர்களோடு போகிறவர்கள் ஒவ்வொரு ஓட்டலுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பழைய வீடு ஒன்றைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கூரை மழைநீரைச் சேர்க்க அடியிலேயே தொட்டி. விருந்தினர் கூடத்தில் உயரே மரச்சட்டத் தடுப்பு போட்ட சின்ன மாடம். பெண்கள் அங்கிருந்தே பார்த்து, கீழே யாருக்கு என்ன தீர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்களாம். அக்கா அந்த மாடத்தை நிமிர்ந்து பார்த்தபடியே, "நம்ம பாட்டி அடுக்களைக் கதவிடுக்கு வழியா பார்ப்பாங்களே, ஞாபகம் இருக்காடி?" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பயந்துகொண்டுதான் போனோம், தேவையே இருக்கவில்லை. இந்த ஊர்ப் பலகாரம் சிஃப்ச்சி, சோற்றோடு முட்டையும் புதினாவும் கலந்து பணியாரக்கல் போல ஒரு குழிச்சட்டியில் சுட்டெடுப்பது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு குடைமிளகாய், தக்காளி, பாலாடைக்கட்டி சேர்ந்த ஃபெர்கெஸா எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

எட்டாம் நாள் புட்ரின்ட். சரந்தாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம்கூட ஆகாது. எதிரே கோர்ஃபு மலைகள் தெரிந்துகொண்டே வரும். 1959இல் சோவியத் தலைவர் குருசேவ் வந்தபோதுதான் இந்தச் சாலையே போடப்பட்டது என்றார் வழிகாட்டி. திரானாவைச் சேர்ந்த, முப்பதுகளில் இருக்கும் பெண் அவர். கோடையில் கோர்ஃபுவிலிருந்து ஒருநாள் பயணிகள் படகு படகாக வருவார்களாம். நாங்கள் நுழைந்தபோது வாசலில் இரண்டு பூனைகளும் காவலரும்தான். கொசுத்தைலம் தடவிக்கொள்ளச் சொல்லி வழிகாட்டி நினைவூட்டினார். சுற்றிலும் சதுப்பு, ஏரி, விவாரி கால்வாய். கால்வாயின் குறுக்கே கம்பிவடம் இழுக்கும் தெப்பம் ஒன்று கார்களை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

மரநிழலில் நடந்தால் முதலில் வருவது நாடக அரங்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. மருத்துவக் கடவுள் அஸ்கிளிப்பியஸின் கோயிலை ஒட்டியது. நிலம் தாழ்ந்து நீர் ஏறியதால் நடுமேடையில் எப்போதும் தண்ணீர். அதில் ஆமைகள், ஓயாத தவளைச் சத்தம். 1928இல் இத்தாலியர் லூயிஜி உகோலினி தோண்டத் தொடங்கும்வரை எல்லாம் காட்டுக்கும் மண்ணுக்கும் அடியில் கிடந்தது.

அரங்கத்துக்குப் போகும் வழிச்சுவரில் வழிகாட்டி நின்றார். "கிட்ட வந்து பாருங்க, தொட வேண்டாம்" என்றார். சாய்ந்த வெளிச்சத்தில் கல் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி கிரேக்க எழுத்து, இடமே விடாமல். அடிமைகளை விடுதலை செய்ததற்கான பத்திரங்கள். யார், யாரை, எந்தக் கடவுள் சாட்சியாக விடுவித்தார் என்று பெயர் பெயராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விடுவித்தவர்களில் பெண்களும் உண்டு. பலர் சேர்ந்து நாடகம் பார்க்க வரும் இடத்தில் எழுதி வைத்தால், நாளைக்கு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வரியாக விரலைக் காற்றில் ஓட்டிக்கொண்டே போனாள். "இது பேருதானேம்மா? இதுவும் பேரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் சலிக்காமல் ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினார். அப்படியே அரைமணி நேரம் போனது. கூட வந்தவர்களில் இருவர் முன்னால் நடந்துவிட்டார்கள், மற்றவர்கள் எங்களோடு நின்றார்கள்.

6ஆம் நூற்றாண்டு ஞானஸ்நான மண்டபத்தில் எனக்கு ஒரு ஏமாற்றம். பதினாறு தூண்கள் இரண்டு வட்டமாக நிற்கின்றன. ஆனால் தரையில் இருக்கும் புகழ்பெற்ற மொசைக் ஓவியம் மணலுக்குக் கீழே. ஈரத்திலிருந்து காப்பாற்ற அப்படி மூடி வைத்து, எப்போதாவதுதான் திறப்பார்கள். இதைப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. வழிகாட்டி செல்போனில் படத்தைக் காட்டினார்: மயில்கள், கொடிகள், திராட்சை. பிறகு மணலைக் காட்டினார். என் மனம் ஆறவில்லை, ஆனால் மூடி வைத்தது சரி என்றே தோன்றியது. நான் பார்க்காமல் போனாலும் அது இருக்கட்டும்.

சிங்க வாசலை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. உத்தரக் கல்லில் சிங்கம் ஒன்று காளையின் கழுத்தைக் கவ்வுகிறது. வேறொரு கட்டடத்தின் கல்லை எடுத்து வந்து இங்கே வைத்து, எதிரிகள் குனிந்துதான் நுழைய முடியும்படி வாசலைத் தாழ்த்தியிருக்கிறார்கள். அக்கா தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து போனாள். திரும்பி வந்து, "இன்னொரு தடவை அந்தச் சுவர்கிட்ட போகலாமா?" என்றாள்.

வழிகாட்டி மற்றவர்களை மர நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, எங்களோடு திரும்ப நடந்தார்.